உப்பு பூத்த பாசி

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் ஆவுடைத்தங்கம் தன் சொந்த வீட்டுக்குள் நுழைந்தாள். பின்வாசல் கதவின் கீல் எந்த இடத்தில் முனகும் என்று அவளுக்குத் தெரியும். அந்த இடம் வருவதற்கு முன்பே கதவை நிறுத்தி, உடம்பை ஒருக்களித்து, சாப்பாட்டுப் பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். காலையில் வழக்கம்போல "வாரேன்ட்டி" என்று தங்கச்சி வடிவிடம் சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பியவள்தான். பஸ் நிறுத்தம் வரைக்கும் போய், வந்த பஸ்ஸை விட்டுவிட்டு, வயிற்றுவலி என்று ஆபீசுக்குப் போன் போட்டு, பின்சந்து வழியாகத் திரும்பி, மின்கம்பத்தின் மறைவில் நின்று, வடிவு பையை எடுத்துக்கொண்டு தெருமுனைக் கடைக்குப் போகிற வரை பார்த்துக்கொண்டிருந்தாள். திருட வருகிறவள் இப்படித்தான் வருவாள் என்று தோன்றியது. தோன்றியதுமே கோபம் வந்தது. யார் வீட்டில் யார் திருடி. செடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே கிடந்த முக்காலியில் உட்கார்ந்து முழங்காலை ஒடுக்கிக்கொண்டாள். கதவைத் திறந்து வருகிறவர்களுக்கு அந்த இடம் தெரியாது. அங்கிருந்து பார்த்தால் எதிர்ச்சுவரில் நிற்கும் குளிர்பெட்டி முழுசாகத் தெரியும். மாதாந்திரப் பராமரிப்பு என்று இன்றைக்குச் சாயங்காலம் வரை ஊருக்கே கரண்ட் கிடையாது. கரண்ட் இல்லாத நாளில்தான் வடிவு அதைச் செய்கிறாள். என்ன செய்கிறாள் என்பதை இன்று கண்ணால் பார்த்துவிட வேண்டும். வடிவின் புருஷன் வந்து சேர்வதற்குள் பார்த்துவிட வேண்டும்.

குளிர்பெட்டி என்பது வேறொன்றுமில்லை, பால் பூத்தில் பாக்கெட்டுகளை அடுக்கி வைக்கிற கண்ணாடிக் கதவுப் பெட்டிதான். மூடிப்போன ஒரு பூத்திலிருந்து வாங்கி வந்து, தட்டுகளை மாற்றி, வெள்ளை விளக்கு பொருத்தி, தண்ணீரைப் புகையாக்குகிற ஒரு சின்னக் கருவியையும் வைத்து, உள்ளே கொடைக்கானலின் பகலையும் கொடைக்கானலின் ராத்திரியையும் அவள் உண்டாக்கி வைத்திருந்தாள். அதற்குள் இருந்தவை குடுவைச் செடிகள். இலையின் நுனியில் ஒரு நரம்பு நீண்டு, அதன் முனை உப்பி, கவிழ்ந்து, பிறகு நிமிர்ந்து ஒரு சின்னக் குடமாகும். ஒருநாள் மூடி திறக்கும். விளிம்பில் தேன் கசியும். தேனைத் தேடி வந்த எறும்பு வழுக்கி உள்ளே இருக்கிற நீரில் விழும். அப்படித்தான் அதற்குச் சாப்பாடு. மேகம் தரையில் தவழ்கிற வெளிநாட்டு மலையுச்சிகளின் சாதி அது. பாளையங்கோட்டை வெயிலில் வெளியே வைத்தால் வாரம் தாங்காது. கொடைக்கானல் பால் நிலையத்தில் அவள் வேலை பார்த்த காலத்தில் ஒரு நர்சரிக்காரர் கொடுத்த கட்டைவிரல் அளவுக் கன்றுகள். அங்கே ஜன்னலோரத்தில் வைத்தாலே போதும், தானாக வளர்ந்தன. அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இவள் மாற்றல் வாங்கிக்கொண்டு கீழே இறங்கியபோது, இதையெல்லாம் இங்கேயே விட்டுட்டுப் போங்க, அங்க கொண்டுபோனா செத்துரும் என்று எல்லாரும் சொன்னார்கள். அவள் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். அம்மா போய்விட்டாள், செடிகள் இருந்தன. ஊரிலிருந்து வந்தவர்கள் பார்த்துவிட்டு, கல்யாணம் காட்சி இல்லாதவளுக்கு ஒரு பைத்தியம் வேண்டாமா என்றார்கள். சொல்லிக்கொள்ளட்டும். மனுஷர்களுக்குச் சோறு போட்டால் அடுத்த வேளை முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார்கள். இதற்கு வேண்டியது சுத்தமான தண்ணீர், ஈரம், ராத்திரிக் குளிர். மூன்றும் கிடைத்தால் குடத்தைக் காட்டும், கிடைக்காவிட்டால் காட்டாது. அதில் பொய் கிடையாது.

பொய் ஆனி மாசத்தில் வந்தது. முதலில் பெரிய செடியின் குடுவை விளிம்பு கருகியது. அப்புறம் புது இலைகளின் நரம்புகள் நீளாமல் நுனியிலேயே காய்ந்து நின்றன. ஒருநாள் தொட்டியில் இருந்த பாசியின் மேல் வெள்ளையாக என்னவோ பூத்திருந்தது, உப்பளத்து ஓரத்தில் பூக்குமே அதுமாதிரி. விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்புத்தான். இருபது வருஷமாகப் பாலில் என்ன கலந்திருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்கிற வேலை அவளுக்கு. தண்ணீர் கலந்த பால், மாவு கலந்த பால், உப்புப் போட்டு அடர்த்தியைக் கூட்டிய பால், எதையும் அவள் விட்டதில்லை. கேனைக் கொண்டுவந்து வைக்கிறவனின் முகத்தை அவள் பார்ப்பதே இல்லை, ஏனென்றால் கலந்தவனுடைய முகம்தான் எப்போதும் பச்சைப்பிள்ளை மாதிரி இருக்கும். கலந்தவன்தான் முதலில் வாய் திறந்து, எங்க மாட்டுக்கு என்னமோ ஆயிட்டு மேடம் என்பான். உப்பளக்கிற மீட்டரைச் செடிகளின் அடித்தட்டில் தேங்கிய தண்ணீரில் வைத்துப் பார்த்தாள். அவள் ஊற்றுவது மழைத்தண்ணீரும் ஆர்.ஓ. தண்ணீரும்தான், முள் அசையவே கூடாது. மீட்டர் போர்த்தண்ணீரின் கணக்கைக் காட்டியது. வீட்டில் இருப்பது இரண்டு பேர். ஒருத்தி அவள். தினமும் வைத்துப் பார்த்தாள். கரண்ட் போன நாளுக்கு மறுநாள் அது ஏறியிருந்தது, மற்ற நாளில் ஏறவில்லை. சித்திரை வைகாசியில் கரண்ட் நினைத்தபோதெல்லாம் போனது. அப்போதெல்லாம் வேலையிலிருந்து ஓடிவந்து பெட்டிக்குள் கையை விட்டால் உள்ளே குளுமையாகவே இருக்கும். இரண்டடுக்குக் கண்ணாடி, குளிரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது என்று பெட்டியை மெச்சிக்கொண்டாள். பெட்டியை மெச்சிக்கொண்டிருந்த நேரத்தில் வேருக்கு ஒருத்தி விஷம் வைத்திருக்கிறாள். மெதுவாகக் கொல்கிற விஷம். பார்த்தால் தண்ணீர். யாரும் குற்றம் சொல்ல முடியாது. செடிக்குத் தண்ணி ஊத்துனது ஒரு தப்பா என்று கேட்டால் என்ன சொல்வது.

முன்வாசலில் கிராதிக் கதவு திறந்தது. வடிவு வந்துவிட்டாள். அவள் நடப்பது கேட்கவில்லை. கல்யாணத்துக்குப் போட்ட கொலுசு எங்கேட்டி என்று வந்த புதிதில் கேட்டதற்கு, சத்தமா இருக்குன்னு கழட்டிட்டேன்க்கா என்றாள். சத்தம் யாருக்கு ஆகாது. நடப்பது பிறருக்குத் தெரியக் கூடாது என்கிறவளுக்குத்தானே ஆகாது. அடுக்களையில் பையை வைக்கிற ஓசை, குழாயைத் திறக்கிற ஓசை, பிறகு ஒவ்வொரு ஜன்னலாகத் திறக்கிற ஓசை. இது ஒரு பழக்கம் அவளுக்கு. ஆவுடைத்தங்கம் வெயில் ஏறும் முன் சாத்தி வைத்துவிட்டுப் போகிற ஜன்னலையெல்லாம் மத்தியானத்தில் திறந்து போட்டுவிடுவாள். அனல் உள்ளே வரட்டும் என்றுதானே. குளிக்கப் போனால் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவதில்லை. ராத்திரி கூடத்தில்தான் படுக்கை, அதுவும் மரக்கதவைச் சாத்தவிடாமல், கிராதிக் கதவு மட்டும் போதும்க்கா என்று தெருவைப் பார்த்துக்கொண்டு. தெருவில் யாரை எதிர்பார்க்கிறாள். மாசி மாசம் ஒரு துணிப்பையோடு வந்து, நாலு நாள் இருந்துட்டுப் போறேன் என்றவள், இப்போது ஆடி. என்னட்டி, சண்டையா என்று கேட்டால், இல்லக்கா. மாமியார் ஏதும் சொன்னாங்களா, இல்லக்கா. பிள்ளை இல்லைங்கிறதை வச்சுப் பேசுதாங்களா, இல்லக்கா. சின்ன வயசிலும் இதே இல்லக்காதான். வாதாமரத்திலிருந்து விழுந்து கை எலும்பு விலகிப்போனதை இரண்டு நாள் தாவணிக்குள் மறைத்து வைத்துக்கொண்டு, இடது கையால் சாப்பிட்டு, அம்மாவிடம் அடி வாங்கி, கை வீங்கி நீலம் பாரித்த பிறகுதான் வீட்டுக்கே தெரிந்தது. அப்படிப்பட்ட அழுத்தக்காரி. அழுத்தக்காரிகளை நம்பக் கூடாது. கத்துகிறவள் கத்தி முடித்துவிட்டால் தீர்ந்தது. கத்தாதவள் எங்கே எதை ஊற்றிக்கொண்டிருக்கிறாள் என்று யாருக்குத் தெரியும்.

வேர்வை முதுகில் கோடு போட்டு இறங்கியது. அறையில் காற்று இல்லை. குளிர்பெட்டியின் கண்ணாடி உள்பக்கம் ஆவி படர்ந்து வெளுத்திருந்தது, அதற்குப் பின்னால் பெரிய செடியின் ஒரே ஒரு நல்ல குடுவை தொங்குவது சிவப்புக் கறையாகத் தெரிந்தது. எழுந்து போய் அதன் நெற்றியில் கையை வைத்துப் பார்க்க வேண்டும் போல இருந்தது. காய்ச்சல்காரப் பிள்ளையைத் தொட்டுப் பார்க்கிறமாதிரி. எழுந்தால் முக்காலி சத்தம் போடும். நேற்று மத்தியானம் பால் நிலையத்துக் கொட்டகையில் நின்று வடிவின் புருஷன் குற்றாலிங்கத்துக்குப் போன் போட்டதை நினைத்தாள். நினைக்கக் கூடாது என்று காலையிலிருந்து தள்ளித் தள்ளி வைத்தது, உட்கார்ந்த இடத்தில் காலைச் சுற்றிக்கொண்டு வந்துவிட்டது. தென்காசியில் பெயிண்ட் கடை வைத்திருக்கிற மனுஷன். மரியாதைக்காரன். அம்மா காரியத்துக்கு வந்து பந்தலுக்கு முளை அடித்தது வரை அவன்தான் நின்றான். வந்து கூட்டிட்டுப் போங்க, எத்தனை நாளைக்குத்தான் இங்க இருப்பா என்று இவள் சொன்னாள். நீங்க சொன்னா சரிதான் மதினி, நாளைக்கே வாரேன், அவகிட்ட மட்டும் முன்கூட்டிச் சொல்லிராதீங்க என்றான். அப்போது அது நியாயமாகத்தான் பட்டது. சொன்னால் அடம் பிடிப்பாள். ராத்திரி வடிவு தோசை ஊற்றிக் கொடுத்தபோது அவள் கையைப் பார்க்காமல் மோரைக் குடித்துவிட்டு எழுந்துவிட்டாள். சொல்லிராதீங்க என்று எதற்குச் சொன்னான். கடைக்காரப் புத்தி, சரக்கை எடுக்கும்வரை வெளியே விடக் கூடாது என்று நினைத்திருப்பான். இல்லை, அவளுக்கு எதிர்பாராத சந்தோஷமாக இருக்கட்டும் என்று. வடிவுக்குச் சந்தோஷமா. எது எப்படியோ, அவன் வந்து நிற்கும்போது இவள் கையில் ஒரு காரணம் இருக்க வேண்டும். பாருங்க, இவ செய்த வேலையைப் பாருங்க, அதான் அனுப்புதேன் என்று சொல்லும்படியான காரணம். காரணம் கையில் இல்லாமல் ஒரு ஆளை வீட்டை விட்டு அனுப்பினால் பிறகு ராத்திரியெல்லாம் அது உறுத்தும். அப்படியானால் காரணத்துக்காகத்தான் இங்கே உட்கார்ந்திருக்கிறாளா, செடிக்காக இல்லையா. இந்தக் கேள்வியை அவள் மடக்கி மடக்கிச் சின்னதாக்கி ஓரத்தில் வைத்தாள்.

கூடத்தில் வடிவு போனில் பேசத் தொடங்கினாள். தணிந்த குரல். ஆவுடைத்தங்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். "ஆமா, இன்னைக்கும் கரண்ட் இல்ல. அக்கா வேலைக்குப் போயிட்டா. நீங்க வாங்க, பின்வாசல் வழியாவே வாங்க." அவ்வளவுதான். வாங்க என்கிறாள். மரியாதை கொடுத்துக் கூப்பிடுகிற ஆள். இன்னைக்கும் என்றால் இதற்கு முன்பும். ஓகோ, கொலுசு, தெருவைப் பார்த்த படுக்கை, தாழ்ப்பாள் போடாத கதவு, எல்லாம் ஒரே கயிற்றில் கோத்துக்கொண்டு வந்தது. பாசியில் பூத்த உப்பு அதில் எங்கே வருகிறது என்று மட்டும் தெரியவில்லை. அதுவும் எப்படியாவது வந்துவிடும், சந்தேகத்துக்குச் சேராத சரக்கு உண்டா. சொல்ல வெட்கமாக இருந்தாலும், அவளுக்கு ஒரு நிம்மதி வந்தது. நல்ல வேளை, அவனை வரச் சொன்னோம். நாம் செய்தது தப்பில்லை. உடனே அடுத்த பயம்: அவன் வருகிற நேரத்தில் இந்த ஆளும் வந்து நின்றால். ஊர் கூடிவிடும். வடிவின் முகம் கண்முன் வந்தது, கை வீங்கி நீலமாக நின்ற அந்த முகம். ஒரு மொபெட் வந்து சந்தில் நின்றது. ஆண்குரல் ஒன்று, இதைப் பிடிம்மா என்றது. என்னவோ கனமானது தரையில் தொம்மென்று விழுந்தது. மொபெட் திரும்பிப் போயிற்று. ஆள் உள்ளே வரவில்லை. பிறகு சாக்கைத் தரையில் இழுக்கிற சத்தம், நின்று நின்று, மூச்சு வாங்கி வாங்கி, இந்த அறையை நோக்கியே வந்தது.

கதவு திறந்தது. வடிவு முதுகைக் காட்டிக்கொண்டு, குனிந்து, ஒரு ஈரச் சாக்கை இழுத்தபடி உள்ளே வந்தாள். கதவை அகலத் திறந்து, அது திரும்பச் சாத்திக்கொள்ளாதபடி ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்தாள். சாக்கைப் பிரித்தாள். உமி ஒட்டிய ஐஸ் பாளம். சுத்தியலால் அவள் அதை உடைத்து, அலுமினியச் சட்டிகளில் அள்ளி, குளிர்பெட்டியைத் திறந்து மேல்தட்டில் ஒன்றும் நடுத்தட்டில் ஒன்றும் வைத்தாள். இலை எதன்மேலும் படாமல் இரண்டு கையாலும் ஒதுக்கி ஒதுக்கி வைத்தாள். "கொஞ்சம் பொறுங்க, இந்தா ஆச்சு" என்று செடிகளிடம் சொன்னாள். யாரும் இல்லாத இடத்தில் சொல்கிற குரல் அது, ஆவுடைத்தங்கம் அந்தக் குரலை இதுவரை கேட்டதில்லை. கதவைச் சாத்தி இடுக்கில் பழைய துண்டைச் செருகினாள். கொஞ்ச நேரம் அங்கேயே குத்துக்கால் வைத்து உட்கார்ந்திருந்தாள். பிறகு சாக்கிலிருந்து வடிந்ததை வாளியில் பிடித்து, துணியில் வடிகட்டி, டம்ளரில் மொண்டுகொண்டு, துண்டை உருவி, பெட்டியைத் திறந்து, பெரிய செடியின் தொட்டிக்கு நேரே சாய்த்தாள். "என்ன ஊத்துதே" என்று ஆவுடைத்தங்கம் எழுந்துவிட்டாள். வடிவு அலறவில்லை. டம்ளரை நெஞ்சோடு வைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்து, திறந்திருந்த கதவின் விளிம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். பிடித்த பிறகுதான் அக்காவைப் பார்த்தாள்.

எப்ப வந்தே என்று கேட்டாள். போகவே இல்ல என்றாள் இவள். ஐஸ் தண்ணிதான்க்கா, உருகுனதை வீணாக்க வேண்டாம்னுதான் ஊத்துனேன் என்றாள் அவள். மீன் கடைகளுக்கு ஐஸ் போடுகிறவராம் அந்த மொபெட்காரர். கரண்ட் போகிற நாளில் ஒரு பாளம் இறக்கச் சொல்லிவைத்திருக்கிறாளாம். ஆவுடைத்தங்கம் கீழே சிதறிக் கிடந்த ஒரு துண்டை எடுத்து நாக்கில் வைத்தாள். போர்த்தண்ணீரில் உறையவைத்த ஐஸ், நல்ல உப்பு. மீட்டர் சொன்னது சரி. கண்டுபிடித்துவிட்டாள். இருபது வருஷத்தில் எத்தனையோ தடவை அனுபவித்த அந்தச் சின்ன வெற்றி, சொல்லி வைத்தாற்போல நெஞ்சில் ஒரு துள்ளு துள்ளி, நிற்க இடமில்லாமல் அணைந்துபோனது. குளிரைப் பிடித்து வைத்துக்கொண்டது பெட்டி இல்லை. எங்கிட்ட ஏன் சொல்லலை என்றாள். "சொன்னா தொடாதேம்பே. வந்த அன்னைக்கே சொன்னேல்லா, இந்த வீட்டுல எதை வேணும்னாலும் எடுத்துக்கோ, அந்தப் பெட்டியை மட்டும் தொடாதேன்னு." "பொறவு ஏன் தொட்டே?" வடிவு டம்ளரில் இருந்த தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சித்திரையில் ஒருநாள் கரண்ட் போய், கண்ணாடியெல்லாம் ஆவி பிடித்து, உள்ளே என்ன ஆச்சோ என்று கதவைத் திறந்து கையை விட்டாளாம். "அவுக குடோன் மாதிரி இருந்துச்சுக்கா" என்றாள்.

எந்தக் குடோன் என்று கேட்டதற்கு அவள் சொன்னதை, அழாமல், பக்கத்து வீட்டுச் சமாச்சாரம் சொல்கிறமாதிரி சொன்னதை, ஆவுடைத்தங்கம் ஐஸ் துண்டைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள். அது விரலிடுக்கில் உருகி மணிக்கட்டு வழியாக இறங்கியது. கடைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட குடோன். பெயிண்ட் டின், தின்னர் வாடை. குற்றாலிங்கத்துக்குக் கோபம் வந்தால், கோவம் தணியட்டும், உள்ள இரு என்று மத்தியானத்தில் அவளை அதற்குள் விட்டுப் பூட்டிவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து, சாயங்காலம் வந்து திறப்பானாம். திறந்ததும் கலர் சோடா வாங்கிக் கொடுப்பானாம், குடி, குடி என்று அன்பாக. ஏன் கோபம் என்றால், குழம்பில் புளி ஜாஸ்தி, கடைக்கு வந்தவரிடம் சிரித்துப் பேசினாள், எதுவாகவும் இருக்கலாம். உள்ளே இருக்கும்போது சத்தம் போட்டால் அடுத்த நாளும் உண்டு. கொலுசுச் சத்தம் கேட்டால்கூட. அம்மாவிடமாவது சொல்லியிருக்கலாமே, என்னிடமாவது, என்று இவள் ஆரம்பித்ததை வடிவு முடிக்கவிடவில்லை. "அடிச்சாருன்னா அடிச்சாருன்னு சொல்லலாம். ஒரு நாளும் கை நீட்டுனதில்ல. இதை நான் என்னன்னு சொல்ல?" ஜன்னல்கள், தாழ்ப்பாள், கிராதிக் கதவு என்று ஒவ்வொன்றாகத் தன் கண்ணால் பார்த்தவை, தன் கணக்கில் தானே வேறு பெயர் எழுதிக்கொண்டவை. சொல்லிராதீங்க மதினி என்ற குரல். இப்போதே சொல்ல வேண்டும். வடிவு, நான் ஒண்ணு செய்துட்டேன் என்று தொடங்க வேண்டும். தொடங்கினால் எதற்கு என்று கேட்பாள். உப்புக்காக என்று சொல்ல வேண்டும். உப்புக்காகவா. நாக்கு அந்த வார்த்தையைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோதே முன்வாசல் கிராதிக் கதவை யாரோ நாணயத்தால் தட்டுகிறமாதிரி டிங் டிங்கென்று தட்டினார்கள். கரண்ட் இல்லாததால் மணி அடிக்கவில்லை. "மதினி" என்று கூப்பிட்டான் குற்றாலிங்கம்.

வடிவு வாசலைப் பார்க்கவில்லை. அக்காவைத்தான் பார்த்தாள். "நீ கூப்பிட்டியா?" "ஆமா." வடிவு டம்ளரைக் குனிந்து தரையில் வைத்தாள், சிந்தாமல். அந்தக் கூடத்தைக் கடந்து முன்வாசலுக்குப் போகிற தூரம், ஆவுடைத்தங்கம் வாழ்நாளெல்லாம் நடந்த தூரம்தான், அன்றைக்குத் தரை காலில் ஒட்டி ஒட்டி விட்டது. நான் என்ன சொல்லப் போகிறேன். வீட்டில் இல்லை என்று சொல்லலாம். உடம்பு சரியில்லை என்று சொல்லலாம். போன் போட்டு வரவழைத்தவள் நான், வெயிலில் இவ்வளவு தூரம் வந்த மனுஷன், என்று புத்தி ஒவ்வொரு அடிக்கும் ஒரு மரியாதையை எடுத்து நீட்டியது. வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, கையில் பழப்பை. என்ன மதினி, வேலைக்குப் போகலையா, நல்லதாப் போச்சு என்று சிரித்தான். பச்சைப்பிள்ளை முகம். அந்த முகத்தை அவள் முதல்முறையாக, ஒரு கேனைக் கொண்டுவந்து வைக்கிறவனின் முகத்தைப்போல, பார்க்காமல் விட்டாள். அவன் கையைப் பார்த்தாள். கிராதிக் கதவின் கொண்டியில் தன் கையை வைத்து அழுத்திக்கொண்டு, "குடோன் சாவி உங்ககிட்டயா இருக்கு?" என்று கேட்டாள். கேட்க வேண்டும் என்று நினைத்து வந்த கேள்வி இல்லை அது. அவன் சிரிப்பு நின்ற இடத்திலேயே நின்றது. வலது கை தானாக இடுப்பில் தொங்கின சாவிக்கொத்துக்குப் போய், அதைப் பொத்திக்கொண்டது. பொத்தியது தெரிந்ததும் எடுத்துவிட்டான். அது போதும் அவளுக்கு, வேறு மீட்டர் வேண்டாம்.

அவன் பிறகு நிறையப் பேசினான். நீங்கதானே வரச் சொன்னீங்க என்றான். ஆமா, தப்பாச் சொல்லிட்டேன் என்றாள். அவ ஒண்ணுக்குப் பத்தாச் சொல்லியிருப்பா, உள்ள வந்து பேசுவோம், தெருவுல நிக்க வச்சுப் பேசுதீங்களே என்றான். குரல் ஏறவில்லை, அதுதான் அவளைப் பயமுறுத்தியது. இந்தக் குரலில்தானே உள்ள இரு என்று சொல்லியிருப்பான். எதிர்வீட்டில் ஒரு தலை எட்டிப் பார்த்தது. பெரியவங்க நாலு பேரைக் கூட்டிக்கிட்டு வாரேன் என்றான் கடைசியில். "கூட்டிட்டு வாங்க. அவங்க முன்னாலயும் நான் இதையேதான் கேப்பேன்." கொண்டியை இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்தவரை யாரும் போ என்று சொல்லமாட்டார்கள்; போயிட்டு வாங்க என்பதுதான் வாய்க்குப் பழக்கம், அவளுக்கும் அதுதான் உதடு வரைக்கும் வந்தது. வந்ததில் பாதியை விழுங்கிவிட்டு, "போங்க" என்றாள். அவன் பழப்பையைக் கிராதிக்கு வெளியே தரையில் வைத்துவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு தெருமுனை திரும்புகிற வரை அவள் அங்கேயே நின்றாள். திரும்பின பிறகும் நின்றாள். உள்ளே போனால் வடிவின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

வடிவு அழுதுகொண்டிருப்பாள் என்று நினைத்தாள். வடிவு சுத்தியலால் மிச்ச ஐஸை உடைத்துக்கொண்டிருந்தாள். அக்கா வந்து நின்றதும், எப்ப போன் போட்டே என்று கேட்டாள். நேத்து. எதுக்கு. ஆவுடைத்தங்கம், தெரியாமப் போட்டுட்டேன்ட்டி என்றாள். வடிவு தலையை ஆட்டிக்கொண்டாள், சரி என்பதற்கா, தெரிந்துகொண்டேன் என்பதற்கா என்று சொல்ல முடியாத ஆட்டல். இரண்டு பேரும் சேர்ந்து சட்டிகளை நிரப்பினார்கள். வடிவு டம்ளரை எடுத்து மறுபடி தொட்டிக்குச் சாய்க்கப் போனபோது, உப்பு என்று சொல்ல வாயெடுத்த ஆவுடைத்தங்கம், "அதை வாளியில பிடிச்சுக்கிடுவோம், வாசல் தெளிக்க ஆகும்" என்று மட்டும் சொன்னாள். வடிவு கையை இழுத்துக்கொண்டாள். ஏன் என்று கேட்கவில்லை. நேற்றுவரை கேட்டிருப்பாள் என்று ஆவுடைத்தங்கத்துக்குத் தோன்றியது. வெயில் தாழ்ந்த பிறகு கரண்ட் வந்தது. பெட்டி ஒரு தடவை உடம்பை உதறிக்கொண்டு ஓடத் தொடங்கியது, தெருவில் நாலைந்து வீட்டுத் தொலைக்காட்சிகள் ஒரே நேரத்தில் விட்ட இடத்திலிருந்து பேசின. இவள் காபி போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். வடிவு கூடத்தில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு மேஜைமேல் கிடந்த ஆவுடைத்தங்கத்தின் போன் அடித்தது. அருவாமணையில் காய் அறுபடுகிற சத்தம் நின்றது. வடிவின் கண் போனுக்குப் போய், அங்கிருந்து வாசலுக்குப் போய், திரும்பப் போனுக்கே வந்தது. "நிலையத்துல இருந்துதான், சூப்பர்வைசர்" என்றாள் ஆவுடைத்தங்கம், யாரும் கேட்காமலே. உண்மைதான், ஆனாலும் சொன்னது காதில் விழுந்தபோது அவளுக்கே அது எங்க மாட்டுக்கு என்னமோ ஆயிட்டு மேடம் என்பதுபோல ஒலித்தது. போனை எடுத்து, காதில் வைக்காமல், திரையைத் தங்கச்சியின் பக்கம் திருப்பிக் காட்டினாள். காட்ட வேண்டாம்க்கா என்று அவள் சொல்வாள் என்று ஒரு கணம் காத்திருந்தாள். வடிவு கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, அருவாமணையிலிருந்து எழுந்து வந்து, குனிந்து, திரையில் இருந்த பெயரை எழுத்துக் கூட்டுகிறவள் போல நிதானமாகப் படித்தாள். படித்து முடித்த பிறகுதான், எடு என்றாள்.